கண்ணுக்குத் தெரிகிற சொல், தேடினால் கிடைக்கவில்லையா? கோட் எடிட்டரில் தமிழைச் சரிபார்க்கும் வழி

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகள் பைதன் படிக்க வருகிறார்கள். போன மாதம் ஒரு சிறிய வேலை கொடுத்தேன். திருகோணமலை மாவட்டத்து ஊர்ப் பெயர்களை ஒரு கோப்பில் எழுத வேண்டும். ஒரு பெயரைத் தட்டினால் அது பட்டியலில் இருக்கிறதா என்று சொல்லும் நிரலும் எழுத வேண்டும். மூதூர், கிண்ணியா, நிலாவெளி எல்லாம் கிடைத்தன. திருகோணமலை மட்டும் கிடைக்கவில்லை.

"சேர், கண்ணுக்கு முன்னாலேயே இருக்குது. ஆனா இல்லை எண்டு சொல்லுது" என்றாள் ஒரு பிள்ளை. அதற்குள் நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டரையே அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்திருந்தாள். அவ்வளவு டேட்டாவும் நேரமும் வீணாகப் போனதுதான் எனக்குக் கவலை. கோளாறு எடிட்டரிலா, அதில் கூடுதலாகச் சேர்த்த துணைநிரலான எக்ஸ்டென்ஷனிலா, கோப்பிலா என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் மறுபடி நிறுவ வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. நான் விஷுவல் ஸ்டூடியோ கோடை வைத்துச் சொல்கிறேன். வேறு எடிட்டர் என்றால் மெனுவின் பெயர்கள் மாறும், வழி இதேதான்.

படி 1: எழுத்து எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள்

தமிழ் வர வேண்டிய இடத்தில் வெறும் பெட்டிகள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். கோப்பு நன்றாகவே இருக்கிறது. செட்டிங்ஸில் ஃபான்ட் ஃபேமிலி என்று ஆங்கிலத்தில் தேடி, அங்கே இருக்கும் பெயர்களின் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டுத் தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரைச் சேருங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ ஏற்கெனவே இருக்கும். லினக்ஸ் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவிக்கொள்ளலாம்.

தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் கோப்பு, எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் இருக்கிறது, எடிட்டர் அதை வேறு முறையில் வாசிக்கிறது. யூடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும், அதாவது ஒரு எழுத்தோ கொம்பு, கால் போன்ற ஒரு குறியோ, 3 பைட் பிடிக்கும். அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றே. அதனால்தான் ஒரே எழுத்து வரிசையாக வந்து நிற்கிறது. இது முழுக்கச் சரிசெய்யக்கூடியது.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தால் பெரும்பாலும் அது, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணம். நம் நாட்டில் இப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் நிறையக் கையில் வரும். எடிட்டரில் எதை மாற்றினாலும் இது சரியாகாது. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் தமிழ் ஏற்கெனவே போய்விட்டது. பழைய விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது ஏஎன்எஸ்ஐ என்ற பழைய முறையை மாற்றாமல் விட்டால் இப்படித்தான் ஆகும், அதில் தமிழுக்கு இடமே இல்லை. விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பிலிருந்துதான் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8 இல் சேமிக்கத் தொடங்கியது. எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலின் அடியில் உள்ள டைம்லைனைத் திறந்து பாருங்கள். நீங்கள் அதே எடிட்டரில் முன்பு சேமித்த நல்ல பிரதி அங்கே இருந்தால் தப்பினீர்கள்.

படி 2: சேமிக்காமல் திறந்து பாருங்கள்

கெட்டுத் தெரிகிற கோப்பை அவசரப்பட்டுச் சேமிக்க வேண்டாம். இதை எந்தப் பிள்ளைக்கும் நான் இரண்டு தடவை சொல்வேன். எடிட்டரின் அடிப்பட்டையில் வலப்பக்கம் கோப்பின் குறியாக்க முறை (யூடிஎஃப்-8 போன்றது) எழுதியிருக்கும். அதைச் சொடுக்கி, ரீஓப்பன் வித் என்கோடிங் என்பதைத் தேர்ந்து, யூடிஎஃப்-8 கொடுங்கள். தமிழ் ஒழுங்காகத் தெரிந்த பிறகுதான் சேமிக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் சேவ் வித் என்கோடிங் என்பதை மாறி அழுத்தினால் பிழையான எழுத்துகளே கோப்பில் நிலைத்துவிடும்.

எடிட்டரில் சரியாகத் தெரிந்தும் பைதன் வாசிக்கும்போது பிழை வருகிறதென்றால், கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளையில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று நீங்களே குறிப்பிடுங்கள்.

படி 3: எக்ஸ்டென்ஷன் மீது சந்தேகமா?

எடிட்டர் தடுமாறினால் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்று தேடுங்கள். அது எக்ஸ்டென்ஷன்களில் பாதியை நிறுத்தி வைத்துவிட்டு, கோளாறு இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். பிறகு அதிலும் பாதி. 16 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நாலைந்து கேள்விக்குள் எது என்று தெரிந்துவிடும்.

வரிகளின் முன்னால் டேப்பும் ஸ்பேஸும் கலந்து பைதன் கோபித்துக்கொண்டால், அதே இடத்தில் கன்வெர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேஸஸ் என்று தேடிக் கொடுங்கள். போதும்.

மாரி காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாதே, ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவையும் போட்டு வையுங்கள். ஆனால் கெட்டுத் தெரிகிற கோப்பைத் திறக்கும்போது அதை நிறுத்திவிடுங்கள்.

படி 4: இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை

சரி, அந்தப் பிள்ளையின் கோப்புக்கு வருவோம். குறியாக்கம் யூடிஎஃப்-8, எழுத்துரு சரி, எக்ஸ்டென்ஷனிலும் குறையில்லை. கண்ட்ரோல் எஃப் அழுத்தி எடிட்டரில் தேடினாலும் கிடைக்கவில்லை. வரி முடிவில் ஸ்பேஸ் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தோம், அதுவும் இல்லை. அப்போதுதான், ஒரு சொல்லில் எத்தனை குறியீடு என்று எண்ணிச் சொல்லும் பைதனின் லென் கட்டளையால், கோப்பில் உள்ள சொல்லையும் புதிதாகத் தட்டிய சொல்லையும் அளக்கச் சொன்னேன். அவள் புதிதாகத் தட்டிய 'திருகோணமலை' 10 என்று வந்தது. கோப்பில் இருந்தது 11.

திரையில் வித்தியாசம் கொஞ்சமும் தெரியாது. காரணம் 'கோ'. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்று போலத்தான் தோன்றும். ஆனால் தேடுகிற எடிட்டர் குறியீடுகளைத்தான் ஒப்பிடுகிறது. அவள் பட்டியலின் ஒரு பகுதியைப் பழைய ஆவணத்திலிருந்து எடுத்து, யூனிகோடாக மாற்றி ஒட்டியிருந்தாள். தட்டச்சுப் பொறியில் அடிப்பது போலக் குறிகளைத் தனித்தனியாக வைக்கும் எழுத்துரு மாற்றி மென்பொருள்களில் இது நடக்கும். கொ, கோ, கௌ வரிசை மூன்றிலும் இந்தச் சிக்கல் உண்டு.

தீர்வு சின்னதுதான். பைதனோடு வரும் யூனிகோடுடேட்டா மொடியூலை இறக்குமதி செய்து, அதிலுள்ள நார்மலைஸ் என்பதற்கு என்எஃப்சி என்ற வடிவத்தைக் கொடுத்தால் பிரிந்த குறிகள் ஒன்றாகிவிடும். கோப்பிலிருந்து வாசிப்பதற்கும் செய்யுங்கள், பயனர் தட்டுவதற்கும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் நாளைக்கு இன்னொருவரின் கீபோர்டிலிருந்து அதே சிக்கல் திரும்பி வரும். அவள் இரண்டு வரி சேர்த்து ஓட்டினாள். திருகோணமலை கிடைத்தது.

என்எஃப்சி சரிசெய்யாத ஒன்றும் இருக்கிறது. சிலர் 'கௌரி' என்பதை 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டி அடித்திருப்பார்கள். கணினிக்கு அது வேறு எழுத்து, அதனால் கையால்தான் மாற்ற வேண்டும். எடிட்டரின் ரீப்ளேஸில் கொம்பையும் 'ள'வையும் கொடுத்துத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ரீப்ளேஸ் ஆல் மட்டும் அழுத்த வேண்டாம். நிலாவெளி, உப்புவெளி, வெள்ளைமணல் மூன்றிலும் கொம்பும் 'ள'வும் உண்மையாகவே அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்று ஊர்ப் பெயரும் ஒரே சொடுக்கில் கெட்டுவிடும்.