கார், பைக் வேலைக்கு கார்ட்லெஸ் இம்பேக்ட் ரெஞ்ச் பார்த்து வாங்குவது எப்படி?

நட்டை வேகமாக அடித்து அடித்துச் சுழற்றிக் கழற்றும், இறுக்கும் பேட்டரி மெஷின்தான் கார்ட்லெஸ் இம்பேக்ட் ரெஞ்ச். கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, "இது எத்தனை நியூட்டன் மீட்டர்?" அது டார்க்கின், அதாவது முறுக்கும் விசையின், அளவு. அதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: எந்த நட்டைக் கழற்றப் போகிறீர்கள்? அது தெரியாமல் வாங்கினால், ஒன்று காசு வீண், இல்லையென்றால் நட்டு ஏறும் ஸ்டட் (மரையுள்ள தண்டு) வீண்.

1. உங்கள் வண்டியின் நட்டுகளை எழுதிக்கொள்ளுங்கள்

நம் ஊரில் ஓடும் சிறிய கார்களின் வீல் நட்டை ஏறக்குறைய 85 முதல் 130 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கச் சொல்வார்கள். சரியான அளவை வண்டியின் கையேட்டில் பாருங்கள். பழைய கையேட்டில் கிலோகிராம்-மீட்டர் (kgf·m) கணக்கில் இருந்தால் 9.8ஆல் பெருக்குங்கள். விளம்பரத்தில் அடி-பவுண்டு என்று போட்டிருந்தால் 1.36ஆல் பெருக்குங்கள்.

110இல் இறுக்கிய நட்டு 110இல் கழன்றுவிடும் என்று நினைக்காதீர்கள். மழையில் நனைந்து துரு ஏறியிருக்கும். யாரோ ஏர் கன்னை வைத்து அளவில்லாமல் இறுக்கியிருப்பார்கள். அப்போது இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே கேட்கும். அதனால் வீல் நட்டுக்கு, கழற்றும் பக்கம் 400 வரை தரும் மெஷின் தாராளம். ஹப் நட்டு, சஸ்பென்ஷன் போல்ட்டு எல்லாம் தொடுவீர்கள் என்றால் 600 வரை போகலாம்.

ஸ்கூட்டர் வேலை வேறு மாதிரி. பெல்ட்டை இயக்கும் வேரியேட்டரின் நட்டிலும், என்ஜின் தண்டில் உள்ள மேக்னட்டின் நட்டிலும் டார்க் பெரிதாக இருக்காது. ஸ்பேனரைப் போட்டால் தண்டும் சேர்ந்து சுற்றுவதுதான் அங்கே தொல்லை. இம்பேக்டின் வேகமான அடியில் தண்டு சுற்றுவதற்குள் நட்டு இளகிவிடும். 150 முதல் 200 தரும் சின்ன மெஷினே போதும், கையும் வலிக்காது.

லாரி, பஸ் நட்டுகளை இறுக்கவே பெரும்பாலும் 500க்கு மேல் வேண்டும். முக்கால் இஞ்ச் அல்லது ஒரு இஞ்ச் ஸ்கொயர் (நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் சதுர முனை) உள்ள பெரிய மெஷின்கள் தனி வகை. இந்தக் கணக்கில் அவை வராது.

2. இரண்டு டார்க் எண்களையும் கேளுங்கள்

உள்ளே ஒரு சுத்தியல் சுழல்கிறது. நட்டு எதிர்த்து நின்றதும் அது ஸ்பிரிங்கை அழுத்திப் பின்வாங்கி, மறுபடி வந்து ஆன்வில்லை (சாக்கெட்டைச் சுழற்றும் தண்டை) அடிக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள். முறுக்கும் விசை சின்னச் சின்ன அடிகளாகப் போவதால்தான், கையை முறுக்கிவிடாமல் இவ்வளவு பலம் வருகிறது.

இதற்கு இறுக்கும் டார்க், கழற்றும் டார்க் என்று இரண்டு அளவு உண்டு. மகீட்டா டிடிடபிள்யூ 300இல் இறுக்குவது 330, கழற்றுவது 580. போஷ் ஜிடிஎஸ் 18வி-400இல் 400, 600. பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண் இருந்தால் அது கழற்றும் டார்க்காகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட் மாட்டினாலும், சார்ஜ் குறைந்தாலும் அந்த எண் கைக்கு வராது.

3. பேட்டரி ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

தொடக்கக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட். வரிசையாக ஐந்து வைத்தால் 18. முழு சார்ஜில் 21. "20 வோல்ட் மேக்ஸ்" என்பதும் இதே ஐந்து செல்தான். ஆன்லைனில் மலிவாக வரும் மெஷின்களில் "88விஎஃப்", "288விஎஃப்" என்று ஒட்டியிருப்பார்கள். அது வோல்ட் கணக்கே கிடையாது. பெரும்பாலும் உள்ளே இருப்பது அதே 21 வோல்ட் பேக்தான். சார்ஜரின் பின்பக்கம் எத்தனை வோல்ட் வெளியே தருகிறது என்று படித்தால் உண்மை தெரிந்துவிடும்.

வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர். 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் என்றால் 90. இம்பேக்ட் ரெஞ்ச் ஒரே நேரத்தில் நிறைய கரண்ட் இழுக்கும். 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைப் போட்டால் நல்ல மெஷினும் சோர்ந்துபோகும். 4 அல்லது 5 வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்பெனியின் டிரில் இருந்தால், அதே பேட்டரி வரிசையில் பேட்டரி இல்லாத வெறும் மெஷினை வாங்குவதுதான் என் தேர்வு. பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் என்றால் கார்பன் தேயும் கவலையும் இல்லை.

4. ஸ்கொயர், மோடு, நீளம்

காருக்கு அரை இஞ்ச் ஸ்கொயர். சாக்கெட்டைப் பிடிக்க வளையம் வைத்தது என்றால் மாட்டிக் கழற்றச் சுலபம்; பின் வைத்தது என்றால் தானாக விழாது. குறைந்த வேக மோடு கட்டாயம் வேண்டும். ஃபெண்டருக்குள் கை விட்டு வேலை செய்பவர்கள் மெஷினின் நீளத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

5. சாக்கெட்டுக்கும் டார்க் ரெஞ்சுக்கும் காசு ஒதுக்குங்கள்

பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இதில் மாட்டவே கூடாது. அது கையால் திருகுவதற்கு. அடி தாங்காமல் உடைந்து கண்ணில் தெறிக்கலாம். கறுப்பு நிற, சுவர் தடித்த இம்பேக்ட் சாக்கெட்டாக வாங்குங்கள். காருக்கு 17, 19, 21 இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். கண்ணாடியும் காதடைப்பானும் சேர்த்தே வாங்குங்கள்.

இறுக்கும்போது முதல் சில மரையைக் கையால் ஏற்றுங்கள். பிறகு குறைந்த மோடில் நட்டு உட்காரும் வரை மட்டும் ஓட்டி, எதிரெதிர் நட்டாக மாறி மாறி டார்க் ரெஞ்சால் (டார்க் அளவைக் காட்டும் கை ரெஞ்ச்) முடியுங்கள். ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெய்ன் போல்ட்டு, அலுமினியத்தில் ஏறும் எந்த போல்ட்டையும் இம்பேக்டால் இறுக்காதீர்கள். மரை போனால் மெஷின் விலையைவிடச் செலவு கூடும்.

6. கடையில் பார்க்க வேண்டியது

பேட்டரியை மாட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். தோள் உயரத்தில் ஒரு நிமிடம் தாங்க முடிகிறதா என்று தெரிய வேண்டும். டிரிகரை மெதுவாக அழுத்தினால் மெதுவாகச் சுற்ற வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர் எங்கே, தனி பேட்டரி என்ன விலை என்று கேளுங்கள். பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டிக்குப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.