பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டே வாடகை: எச்ஆர்ஏ கேட்பது எப்படி

சம்பளத்தில் மாதாமாதம் எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப்படி வருகிறது, குடியிருப்பதோ அப்பா அம்மாவின் வீடு. அவர்களுக்கு வாடகை கொடுத்து வரிச்சலுகை கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் வாடகை நிஜமாகவே கைமாறியிருக்க வேண்டும். வருஷம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, ஜனவரியில் கம்பெனி ப்ரூஃப் கேட்டதும் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பன்னிரண்டு ரசீதில் அப்பாவிடம் கையெழுத்து வாங்குவது வாடகை அல்ல. இங்கே வரும் எண்களும் வரி விதிகளும் படிவங்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை.

முதலில் இது லாபமா என்று பாருங்கள். எச்ஆர்ஏ விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. சம்பளம் 12,75,000 ரூபாய்க்குள் இருந்தால் புதிய முறையில் வரியே இல்லை. அங்கே இந்த வேலை வீண். அதற்கு மேல் என்றால் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும்.

விலக்கு என்பது மூன்று தொகைகளில் குறைவானது: கம்பெனி தரும் எச்ஆர்ஏ; கொடுத்த வாடகையில், பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டிஏ (அகவிலைப்படி) இரண்டின் கூட்டுத்தொகையில் 10 சதவீதத்தைக் கழித்த மீதி; அதே கூட்டுத்தொகையில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்றால் 50 சதவீதம், கோவை, மதுரை போன்ற மற்ற ஊர்களுக்கு 40 சதவீதம்.

சென்னையில் ஆண்டுச் சம்பளம் 20 லட்சம், மாத பேசிக் 1 லட்சம், எச்ஆர்ஏ 50,000, அப்பாவின் மாடிப் போர்ஷனுக்கு வாடகை 40,000 என்று வைப்போம். ஆண்டு வாடகை 4,80,000. அதில் பேசிக்கின் 10 சதவீதமான 1,20,000 போக 3,60,000. மற்ற இரண்டும் 6 லட்சம், ஆகவே விலக்கு 3,60,000. இதோடு சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு 50,000, சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1,50,000, என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் 50,000, மூத்த குடிமக்களான பெற்றோரையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு 75,000. மொத்தக் கழிவு 6,85,000. வரிமேல் வரியான செஸ் சேர்த்து வரி 2,15,280. புதிய முறையிலோ, 75,000 நிலைக்கழிவு தவிர வேறு எதுவும் இல்லாமலே 1,92,400தான்! இவ்வளவு பாடுபட்டும் 22,880 ரூபாய் நஷ்டம். இதே ஆள் கல்விக்கடனுக்கு அந்த ஆண்டு 1,20,000 வட்டி கட்டியிருந்தால் பழைய முறை வரி 1,77,840 ஆகி, 14,560 மிச்சமாகும். எச்ஆர்ஏ தனியாக நின்று ஜெயிப்பது அபூர்வம், கூட ஏதாவது பெரிய கழிவு வேண்டும்.

லாபம் என்று தெரிந்தால் அடுத்து வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். வாடகை வாங்குபவர் பெயரில்தான் வீடு இருக்கவேண்டும். வீடு அம்மா பெயரில், பணம் அப்பா கணக்கில் என்றால் சிக்கல். பத்திரத்தில் உங்கள் பெயரும் இருந்தால், சொந்த வீட்டுக்கு வாடகை கொடுப்பதாக ஆகிவிடும், கேட்காதீர்கள்.

பிறகு அக்ரிமென்ட். வீட்டில் எந்தப் பகுதி உங்களுக்கு, சமையலறை பொதுவா, கரண்ட் பில் யார் கட்டுவது, பைக் எங்கே நிற்கும் என்பதுவரை எழுதுங்கள். ஒரே ஒரு அறைக்கு 40,000 என்று போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தத் தெருவில் அதே அளவு இடத்துக்கு என்ன வாடகையோ அதையே வையுங்கள். ‘11 மாதம் போட்டால் பதிவு வேண்டாம்’ என்ற பழைய பழக்கம் தமிழ்நாட்டில் இப்போது செல்லாது. 2019-இல் அமலுக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும்.

பணத்தை மாதம் ஒரே தேதியில், உங்கள் கணக்கிலிருந்து அவர்கள் கணக்குக்கு வங்கி வழியாகவோ யுபிஐ-யிலோ அனுப்புங்கள். குறிப்பில் ‘ஜூன் வாடகை’ என்று போடுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். தாய்க்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாக ஒரு மகள் கேட்ட விலக்கை, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2017-இல் மும்பை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மறுத்தது. போன பணம் மறுநாளே உங்கள் கணக்குக்குத் திரும்புவதும் அதே அளவு ஆபத்து. வீட்டுச் செலவுக்கு நீங்கள் தரும் பணத்தை வாடகையோடு கலக்காமல் தனியாக அனுப்புங்கள்.

கம்பெனிக்கு 12பிபி படிவம், ரசீதுகள், அக்ரிமென்ட் நகல் தரவேண்டும். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் பெற்றோரின் பான் எண்ணும் கட்டாயம். மாதம் 50,000-க்கு மேல் போனால் வாடகையிலிருந்து 2 சதவீதம் வரியை (டிடிஎஸ்) நீங்களே பிடித்து 26க்யூசி படிவத்தில் கட்டவேண்டும். அதற்குள் நிற்பதே நிம்மதி.

பலரும் கோட்டைவிடுவது அப்பாவின் வருமான வரி ரிட்டர்னில்தான். மகன் வாடகை காட்டுகிறான், அப்பாவோ அதே இடத்தைத் தான் குடியிருப்பதாகக் காட்டுகிறார், அல்லது ரிட்டர்னே போடுவதில்லை. பான் எண் ஒன்றுதான், இரண்டையும் ஒப்பிட அதிக நேரம் ஆகாது. நம் உதாரணத்தில் 4,80,000 வாடகையில், மாடிக்கு உரிய வீட்டு வரி 8,000 அவர் கட்டியிருந்தால் அதைக் கழித்து, மீதி 4,72,000-இல் 30 சதவீதம் போக 3,30,400 மட்டுமே அவர் வருமானத்தில் சேரும். பென்ஷன், வட்டி எல்லாம் சேர்த்தும் 12 லட்சத்துக்குள் என்றால் புதிய முறையில் கிடைக்கும் தள்ளுபடியால் அவருக்கு வரி இல்லை. பங்கு விற்ற லாபம் போன்ற சிறப்பு விகித வருமானத்துக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி கிடைக்காது. அவர் பெரிய பென்ஷன்காரர் என்றால், வாடகையை வருமானம் இல்லாத அம்மாவுக்குத் திருப்பலாமே என்று தோன்றும். வீடு அம்மா பெயரில் இல்லாதவரை அது நடக்காது.

கம்பெனியில் ரசீது தரத் தவறினாலும் ரிட்டர்னில் நேரடியாக விலக்கு கேட்கலாம். ஆனால் கெடு தேதிக்குள் போடவேண்டும். தாமத ரிட்டர்னில் பழைய முறையைத் தேர்வு செய்ய முடியாது.