ஆகஸ்ட்டிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்

2022 ஜூலை 30. இங்கிலாந்தின் லெஸ்டரில், கால்பந்து லீக் தொடங்கும் முன் நடக்கும் கம்யூனிட்டி ஷீல்டு கோப்பைக்காக மான்செஸ்டர் சிட்டியும் லிவர்பூலும் மோதும் ஆட்டம் முடியப்போகிறது. சிட்டியின் ஃபில் ஃபோடன் அடித்ததை லிவர்பூல் கீப்பர் தட்டிவிட, பந்து நேராக சிட்டி புதிதாக வாங்கிய எர்லிங் ஹாலண்டின் காலடிக்கு வருகிறது. எதிரே காலி கோல். ஓங்கி உதைக்கிறார்; பந்து மேல்கம்பத்தில் பட்டு வெளியே போகிறது. அதே ஆட்டத்தில் லிவர்பூல் புதிதாக வாங்கிய டார்வின் நூனியெஸ் கோல் அடித்திருந்தார். சிட்டி ஏமாந்துவிட்டது, சரியான ஆளை வாங்கியது லிவர்பூல்தான் என்று அன்றிரவே பேச்சு கிளம்பிவிட்டது. அந்த சீசனில் ஹாலண்ட் இங்கிலாந்தின் மேல்மட்ட லீக்கான பிரீமியர் லீக்கில் அடித்தது 36 கோல், புதிய சாதனை. நூனியெஸ் 9.

ஆகஸ்ட்டில் லீக் தொடங்கும் முன்பே ஒரு வீரரை எடைபோடுவது ரசிகர்கள் வருஷா வருஷம் செய்யும் தவறு. லீக் தொடங்கிய பிறகும் புதியவருக்குக் கொஞ்ச நாள் கொடுக்க வேண்டும். 1999-ல் ஆர்சனலுக்கு வந்த தியரி ஆன்றி முதல் கோலுக்கு செப்டம்பர் வரை காத்திருந்தார். அப்புறம் கிளப்புக்காக அவர் அடித்தது மொத்தம் 228.

இதைவிடப் பெரிய தவறு, யாரோடு ஆடினார்கள் என்று பார்க்காமல் புள்ளிப் பட்டியலைப் படிப்பது. நான் ஆர்சனல் ரசிகன். 2021 ஆகஸ்ட்டில் முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்றோம்: பிரென்ட்ஃபோர்டிடம் 0-2, செல்சியிடம் 0-2, மான்செஸ்டர் சிட்டியிடம் 0-5. பட்டியலில் கடைசி இடம். பயிற்சியாளர் ஆர்டெட்டாவை அனுப்புங்கள் என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள். ஆனால் செல்சி அப்போது ஐரோப்பிய சாம்பியன், சிட்டி இங்கிலாந்து சாம்பியன். சிட்டிக்கு எதிராக 35-வது நிமிடத்திலேயே எங்கள் ஷாக்கா சிவப்பு அட்டை வாங்கிவிட்டார். நடுத் தடுப்பாட்டக்காரர் காப்ரியேல் காயத்தில் இருந்தார். தடுப்பாட்டக்காரர் தோமியாசு அணிக்கு வந்ததே ஆகஸ்ட் 31-ம் தேதிதான். வீரர்களை வாங்க இன்னும் நாள் இருக்கும்போது ஆடும் அணி, அந்த சீசனின் முழு அணியாக இருப்பதில்லை. செப்டம்பரில் நார்விச்சுக்கு எதிராக காப்ரியேல் திரும்பினார், தோமியாசு வலது பக்கம் இறங்கினார், ராம்ஸ்டேல் கோல்கீப்பராக நின்றார். 1-0 வெற்றி. அதிலிருந்து லீக்கில் எட்டு ஆட்டம் தோற்கவில்லை.

அதற்காக ஆகஸ்ட் ஆட்டங்கள் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அந்த சீசனில் 69 புள்ளியோடு ஐந்தாவதாக முடித்தோம். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் இடம் இரண்டே புள்ளியில் போனது. எனக்கு அது இன்னும் வலிக்கிறது. விட்ட புள்ளி விட்டதுதான். அணியைப் பற்றிய முடிவைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

நல்ல தொடக்கமும் இப்படித்தான் ஏமாற்றும். 2008-ல் முதல்முறையாக மேல்மட்ட லீக்குக்கு வந்த ஹல் சிட்டி, ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியது. ஒன்பது ஆட்டத்தில் 20 புள்ளி. மீதி 29 ஆட்டத்தில் கிடைத்தது 15 மட்டுமே. ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பியது.

நான் செய்வது இதுதான். இந்த சீசனில் இதுவரை ஆடிய அதே எதிரணிகளோடு, அதே மைதானத்தில், போன சீசனில் எத்தனை புள்ளி எடுத்தோம் என்று பக்கத்தில் எழுதி ஒப்பிடுவேன். போன வருஷம் இரண்டு எடுத்த இடத்தில் இப்போது நான்கு என்றால், பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்தாலும் அணி முன்னேறியிருக்கிறது.

சாம்பியன்ஸ் லீக்கில் பழைய கணக்கையே போடுவதும் தவறு. முன்பு நான்கு அணிப் பிரிவில் ஆறு ஆட்டம். இரண்டில் தோற்றால் வயிறு கலங்கும். 2024-25 முதல் 36 அணிகளும் ஒரே பட்டியலில், ஆளுக்கு எட்டு ஆட்டம். முதல் எட்டு அணிகள் நேராக அடுத்த கட்டத்துக்குப் போகும், 9 முதல் 24 வரை இருப்பவை பிளே-ஆஃப் ஆடும். எதிரணிகள் ஒவ்வொருவருக்கும் வேறு என்பதால், பாதியில் பட்டியலைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அந்த முதல் வருஷமே பாரிஸின் பி.எஸ்.ஜி. அணி ஐந்து ஆட்டத்தில் நான்கே புள்ளி எடுத்து முதல் 24-க்கு வெளியே கிடந்தது. எட்டில் ஏழை வென்று முதலிடம் பிடித்த லிவர்பூலை மார்ச்சில் அதன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலேயே பெனால்டியில் வெளியேற்றியது அந்த பி.எஸ்.ஜி.தான். நவம்பரில் ஜெர்மனியின் பேயர்னிடம் தோற்றுத் தலைகுனிந்து வெளியே வந்த அதே மியூனிக் மைதானத்தில், மே 31 அன்று இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் இன்டரை 5-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.