யுத்தத்தில் இறந்த உறவினரைப் பழைய பத்திரிகைகளில் தேடுவது எப்படி?

ஆடி அமாவாசை அன்று எங்கள் வீட்டில் ஒரு இலை கூடுதலாகப் போடுவார்கள். பினாங்கு போய்த் திரும்பாத சின்னத் தாத்தாவுக்கு. இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசை. மன்னார்குடி, நன்னிலம், பட்டுக்கோட்டைப் பக்கம் இப்படி இலை போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவர்கள், பர்மா போனவர்கள், பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் என்று பலர் இரண்டாம் உலக யுத்தத்தில் அப்படியே மறைந்துபோனார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், தேடத் தொடங்க இது போதும்.

முதலில் வீட்டுப் பெரியவர்கள்

நூலகத்துக்கு ஓடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன், மூன்று நாள் வீணானது. பத்திரிகைக்குள் நுழைய ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதி பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும், ஆனால் தேதி வடிவத்தில் இருக்காது.

"எந்த வருஷம் செத்தார்?" என்று கேட்டால் பதில் வராது. அப்போது வயலில் நடவா அறுப்பா, என்ன பண்டிகை முடிந்திருந்தது, வீட்டில் யார் கைக்குழந்தை என்று கேளுங்கள். என் அப்பாயி சொன்னது இதுதான்: "தீபம் ஏத்தி ஒரு வாரம் இருக்கும்னு கூட இருந்து தப்பி வந்த ஆளு சொன்னாரு. குண்டு போட்டுட்டான்னாரு."

வீட்டில் குறிப்பிட்ட திதியில் திவசம் கொடுத்தால், யாரோ ஒருவருக்கு நாள் தெரிந்திருக்கிறது என்று பொருள். அமாவாசையில் மட்டும் கொடுத்தால் தெரியாமல் இருந்திருக்கலாம். அடுத்து டிரங்குப் பெட்டி. கடித உறையின் தபால் முத்திரை, மணியார்டர் துண்டு, பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாவற்றையும் பாருங்கள். பத்திரத்தில் பங்காளிகளின் பெயரை எழுதும் இடத்தில் "யுத்தத்தில் காலமானபடியால்" என்று ஒரு வரி இருக்கலாம். கடைசி மணியார்டரின் தேதி தெரிந்தால், அதுவரை அவர் உயிரோடு இருந்தார் என்பது உறுதி.

தமிழ் வருஷத்தை மாற்றுவது

பழைய கடிதங்களில் வருஷப் பெயர்தான் இருக்கும். 1939 சித்திரையில் தொடங்கியது பிரமாதி. அதன் பின் வரிசையாக விக்கிரம, விஷு, சித்திரபானு, சுபானு, தாரண. 1945 சித்திரையில் பார்த்திப. தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில வருஷம் ஒன்று கூடும் என்பதை மறக்க வேண்டாம். மார்கழியின் பின்பாதியும் அப்படியே.

என் விஷயத்தில் விஷு வருஷம் பொருந்தியது. 1941 டிசம்பர் 3 பௌர்ணமி, கார்த்திகை தீபம் அதையொட்டி. ஒரு வாரம் தள்ளினால் டிசம்பர் 10, 11. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1941 டிசம்பர் 11. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய கூட்டத்தின் மேலேயே குண்டுகள் விழுந்தன. அப்பாயியின் தீபக் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

உங்களுக்கு வேறு நாள் பொருந்தலாம். ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, மறுபடி 25. சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர், 1942-43இல் ஜப்பானியரால் போடப்பட்டது. அங்கே இறந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் கிடையாது. அதனால் அவர்களைத் தேடுபவர்கள் அவர்கள் வேலை பார்த்த மலேயாத் தோட்டத்தின் பெயரையும் உடன் போனவர்களின் ஊரையும் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

பத்திரிகை எங்கே?

சென்னையில் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா நூலகம். அக்காலத்து நாளிதழ்களில் முதலில் கேட்க வேண்டியவை சுதேசமித்திரன், தினமணி. மலேயாவுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பைப் பாருங்கள். வீட்டிலிருந்தே, காசில்லாமல், ஆங்கில இதழ்களில் சொல் போட்டுத் தேடலாம்.

படிக்கும் முறை

பெயரைத் தேடாதீர்கள், ஊரையும் நாளையும் தேடுங்கள். யுத்தத் தணிக்கை இருந்தது, காகிதத் தட்டுப்பாட்டால் பக்கங்களும் குறைந்தன. சாதாரண ஆட்களின் பெயர் அச்சில் வருவது அரிது. சம்பவ நாளிலிருந்து மூன்று மாதம் வரை படியுங்கள், ஏனென்றால் தப்பி வந்தவர்கள் சொல்லித்தான் பல செய்திகள் வந்தன. போர்ச் செய்தியோடு நிறுத்திவிடாமல் ஜில்லாச் செய்திகள், கப்பல் வருகை, அகதிகள் பற்றிய துணுக்குகள், விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள்.

பழைய இதழ்களைச் சிறிதாகப் படம்பிடித்து வைத்த சுருளான மைக்ரோஃபிலிமைத் திரையில் பார்க்கும்போது பின்பக்கத்து மை ஊடுருவித் தெரியும், கண் வலிக்கும். ணை, லை, னை, றா எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய வடிவத்தில் இருக்கும். அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஒரு நோட்டில் இதழ், தேதி, பக்கம் மூன்றையும் எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத இதழையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அதையே மறுபடி புரட்டுவீர்கள்.

பட்டாளத்துக்காரர் என்றால்

இது சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களின் பதிவு இருக்கிறது. பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் உண்டு. தஞ்சாவூரை டாஞ்சோர் என்றும், நாகப்பட்டினத்தை நெகப்பட்டாம் என்றும், மயிலாடுதுறையை மாயவரம் என்றும் ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். பெயரில் எழுத்து மாறியிருக்கும், நான்கைந்து விதமாக முயலுங்கள். பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு அருகே தாவுக்யான் நினைவிடத்தில் இருக்கின்றன, மொத்தம் சுமார் 27,000.

சின்னத் தாத்தாவின் பெயரை நான் எந்த இதழிலும் பார்க்கவில்லை. குண்டு விழுந்த செய்தி வந்த பக்கத்தைப் பிரதி எடுத்து வந்து அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். அந்த வருஷம் கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் வீட்டில் அவருக்குத் தனியாக இலை போட்டோம்.