குடல் செல்களைத் தனியே பிரித்தால் என்ன ஆகும்? ஒரு சின்னச் செய்முறை

குடலின் உள்சுவரில் ஒற்றை வரிசையாக நிற்கும் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் நாலைந்து நாள்தான். கிரிப்ட் எனப்படும் குழிகளில் பிறந்து, குடலுறிஞ்சியின் நுனிவரை ஏறி, அங்கே உதிர்ந்துவிடும். பிடிமானம் விட்ட செல் தானே செத்துப்போவதற்கு 1994-இல் ஃப்ரிஷ், ஃபிரான்சிஸ் என்ற இருவர் அனோயிகிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் வீடற்ற நிலை என்று பொருள். சரி, தரை போனாலும் பக்கத்துச் செல்லின் கையைப் பிடித்திருந்தால் கொஞ்சம் தாங்குமா?

படி 1: விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு கிடைத்த சுண்டெலிச் சிறுகுடலைப் பிளந்து, குளிர்ந்த உப்புக்கரைசலில் சளி போக அலசுங்கள். துண்டாக்கி, 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ.வில் ஐஸ் மேல் 30 நிமிடம் வையுங்கள். செல்களை ஒட்டவைக்கும் இ-கேடரின் புரதத்துக்குக் கால்சியம் வேண்டும், ஈ.டி.டி.ஏ. அதைப் பறித்துக்கொள்ளும். அதனால் நேரம் கூடினால் கொத்தே கலைந்துவிடும். குலுக்கி, 70 மைக்ரான் சல்லடையில் வடித்தால் கிரிப்டுகள் முழுசாகக் கிடைக்கும்.

படி 2: மூன்று பங்காக்குங்கள். முதல் பங்கு கொத்தாகவே இருக்கட்டும். மற்ற இரண்டையும் டிரிப்எல்ஈ நொதியில் 37 டிகிரியில் சில நிமிடம் வைத்து ஒற்றைச் செல்களாக்குங்கள். மூன்றாவதில் மட்டும் 10 மைக்ரோமோலார் ஒய்-27632 என்ற தடுப்பு மருந்தைச் சேருங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படி 3: செல் ஒட்டாத தட்டில் ஊற்றி இன்குபேட்டரில் வையுங்கள். யாருக்கும் தரை கிடையாது. 0, 1, 2, 4 மணி நேரத்தில் ட்ரைபான் புளூ சேர்த்து எண்ணுங்கள். செத்த செல் நீலமாகும். கொத்துகளை எண்ணும் முன் அதே நொதியால் பிரிக்க மறக்காதீர்கள். முதல் தடவை நான் மறந்து, உள்ளே இருந்த நீலம் தெரியாமல் ‘எல்லாம் உயிரோடு’ என்று எழுதிவைத்து அசடு வழிந்தேன்.

இரண்டாம் பங்குதான் வேகமாகச் சரியும். நொதி கொன்றிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள், நியாயமான கேள்வி. அதற்குத்தான் மூன்றாம் பங்கு: அதே நொதி, அதே நிமிடம், ஆனாலும் கூடுதலாகப் பிழைக்கும். தொடர்பு அறுந்ததும் செல்லுக்குள் ராக் என்ற நொதி முடுக்கப்பட்டு, செல் சுருங்கிக் கொப்பளித்துச் சாகிறது. ஒய்-27632 அதைத் தடுக்கிறது. 0 மணியிலேயே பாதி நீலமா? அது உங்கள் பைபெட்டின் கைவரிசை.

கொத்தும் நாள்கணக்கில் தாங்காது. வளர்க்க நினைத்தால் உடனே மேட்ரிஜெல் என்ற புரதக் கூழில் புதையுங்கள். ஒற்றைச் செல் என்றால் முதல் இரண்டு நாள் ஒய்-27632 சேர்ந்தே இருக்கட்டும்.