கேசட்டை ஊதாதீர்கள், பட்டனைக் குத்தாதீர்கள்: கேம்பாயில் நிஞ்ஜா ஆமைகள்

கோடை விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் பாளையங்கோட்டைக்கு வந்ததும் முதலில் தேடுவது, நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான என்னுடைய பழைய கேம்பாயைத்தான். அதில் எப்போதும் சொருகியிருக்கும் விளையாட்டுக் கேசட் 1990இல் கொனாமி வெளியிட்ட ‘டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்: ஃபால் ஆஃப் தி ஃபுட் கிளான்’. 1984இல் காமிக்ஸாகத் தொடங்கி 1987இல் கார்ட்டூனாக டிவிக்கு வந்த அந்த நான்கு ஆமைகளும் கையடக்கக் கருவியில் சண்டை போடும் விளையாட்டு. ஐந்தே ஸ்டேஜ். ஒரு மத்தியான நேரத்தில் முடித்துவிடலாம். ஆனாலும் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க முதல் இரண்டு ஸ்டேஜைத் தாண்ட மாட்டார்கள். வருடாவருடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காரணம் ஒன்றேதான்.

பட்டனை விடாமல் குத்துவது.

“ஏல, ஆளே வரல, எதுக்குல குத்திக்கிட்டே இருக்க?” என்று கேட்டால், “நான் அடிக்கலன்னா அவன் அடிச்சிருவான் மாமா” என்று பதில் வரும். சண்டை விளையாட்டு என்றாலே வேகமாகக் குத்துகிறவன்தான் ஜெயிப்பான் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் ஊறிப்போயிருக்கிறது. இந்த விளையாட்டில் அது எடுபடாது. வில்லன் ஷ்ரெடர் அனுப்பும் ‘ஃபுட் கிளான்’ கூட்டத்துச் சாதாரண வீரன் ஒரே அடியில் விழுந்துவிடுவான். அதனால் பத்து அடி தேவையில்லை, நேரம் பார்த்து ஓர் அடி போதும். காற்றில் ஆயுதத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் பின்னால் இன்னொருவன் வந்து நிற்பான். ஆட்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள்.

இதோடு ஒட்டிய தவறு, ஓட்டம். கேம்பாயின் திரை அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144 புள்ளி, அவ்வளவுதான். அந்தச் சின்ன இடத்தில் ஆமையைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் எதிரி கண்ணில் படும்போதே பக்கத்தில் வந்துவிட்டிருப்பான். வலது பக்கத்தை அமுக்கிப் பிடித்தபடி போகிறவர்கள் நேராக அவன் மேல் போய் மோதுகிறார்கள். நாலு எட்டு வையுங்கள், நில்லுங்கள், வருகிறவனை வரவிடுங்கள், அடியுங்கள், அப்புறம் நகருங்கள்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் சிலம்பம் சுற்றுகிறவர்களைக் கவனித்திருந்தால் இது எளிதாகப் புரியும். ஆசான் முதலில் காலடிதான் சொல்லிக்கொடுப்பார். கம்பின் வீச்சு எவ்வளவு, அந்த வீச்சுக்குள் எதிராளி எப்போது வருகிறான் என்பதுதான் அங்கே கணக்கு. நான்கு ஆமைகளில் ஒருவனான டோனடெல்லோ கையில் இருப்பதும் நீளக் கம்புதான். அவனைப் பிடித்து ஆடும்போது ஓர் அடி தள்ளி நின்றே அடிக்கலாம். இன்னொரு ஆமையான ரஃபேல் வைத்திருக்கும் ‘சாய்’ குட்டையான ஆயுதம், எதிரி கிட்டே வரும்வரை பொறுக்க வேண்டும். ரஃபேலை எடுத்துக்கொண்டு கம்பின் தூரத்தில் நின்று குத்துகிற பிள்ளைக்கு, தான் ஏன் அடி வாங்குகிறோம் என்பதே தெரிவதில்லை. இதை அக்கா மகனுக்கு முற்றத்தில் ஒரு ஒட்டடைக் கம்பையும் ஒரு கரண்டியையும் கையில் கொடுத்துத்தான் புரிய வைத்தேன். அன்றைக்கே இரண்டாவது ஸ்டேஜைத் தாண்டினான்.

கார்ட்டூனில் நெற்றிப்பட்டையின் நிறத்தை வைத்து ஆமைகளை அடையாளம் கண்டுபிடிப்போம்: லியோனார்டோவுக்கு நீலம், டோனடெல்லோவுக்கு ஊதா, ரஃபேலுக்குச் சிவப்பு, மைக்கேலாஞ்சலோவுக்கு ஆரஞ்சு. பழைய கேம்பாய் காட்டுவது ஒரே நிறத்தின் நான்கு சாயல்களைத்தான். அதனால் எந்த ஆமையை எடுத்திருக்கிறோம் என்று ஆயுதத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். தொடங்குகிற அவசரத்தில் இதைக் கவனிக்காமல் போகிறவர்கள் நிறையப் பேர்.

குனிவதை மறப்பது இன்னொரு தவறு. குனிந்தபடி அடி பட்டனை அமுக்கினால் ஆமை நட்சத்திரத் தகட்டை வீசும். எட்டத்தில் இருப்பவனுக்கு அது போதும். குதித்து உதைக்க எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, குனிய யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆமைகளைச் செலவழிக்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு ஆமைகளையும் நான்கு உயிராக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவனுடைய லைஃப், அதாவது அடி தாங்கும் தெம்பு, தீர்ந்தால் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவர்களில் ஒருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நால்வரும் போனால் ஆட்டம் முடிந்தது. நன்றாகக் கை பழகிய ஆமையை முதலில் இறக்கி, முதல் இரண்டு ஸ்டேஜின் முடிவில் நிற்கும் ராக்ஸ்டெடியிடமும் பீபாப்பிடமும் இழந்துவிட்டு, பாக்ஸ்டர், ஷ்ரெடர், கடைசியில் கிராங் என்று ஸ்டேஜ் முடிவில் நிற்கும் கஷ்டமான பெரிய எதிரிகள் வரும்போது பழகாத ஆமையோடு திண்டாடுவது சகஜம். உங்களுக்குச் சரளமாக வருகிறவனைப் பின்னால் வைத்திருங்கள். லைஃப் கூட்டும் பீட்சா கண்ணில் பட்டதும் ஓடாமல், சுற்றி நிற்பவர்களை முடித்துவிட்டுப் போய் எடுங்கள். லைஃப் கூடுவதற்கு முன்னாலேயே அதைவிட அதிகமாக அடி வாங்கிவிடுகிறார்கள்.

தொடக்கத்திலேயே எந்த ஸ்டேஜை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறார்கள். விளையாடியதைச் சேமித்து வைக்கும் வசதி கேசட்டில் கிடையாது, அதற்கு இது நல்ல ஈடு. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் நேராக ஐந்தாவதுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் நான்கு ஆமைகளையும் இழந்துவிட்டு, ‘கேம் சரியில்லை’ என்று கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள். தடுமாறுகிற ஸ்டேஜை மட்டும் தனியாக எடுத்துப் பழகுங்கள். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஐந்துவரை போங்கள். அந்தச் சந்தோஷமே வேறு.

வாங்குகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 1989இல் வந்த, காசு போட்டு ஆடும் பெரிய ஆர்கேட் இயந்திரத்துக்கான ஆமைகள் விளையாட்டில் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், மேலும் கீழும் நகரலாம். கேம்பாயில் ஒருவர்தான் ஆட முடியும், முன்னும் பின்னும்தான் நகர முடியும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்கினால் வீட்டில் சண்டைதான் வரும். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், கருவி ஒன்று. ஆளுக்கொரு ஆமை, பிடிபட்டால் அடுத்தவர் கைக்குக் கொடுத்துவிட வேண்டும், மீதியிருக்கும் ஆமை மாமாவுக்கு. இந்த ஏற்பாடு வந்த பிறகு தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) சத்தம் குறைந்துவிட்டது.

இனி கருவி. படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி ஊதுவது நம் எல்லாருக்கும் பழக்கம். தொண்ணூறுகளில் மேலப்பாளையத்து நண்பன் வீட்டில், அவன் வாப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேம்பாயில், நானும் அவனும் மாறி மாறி ஊதியிருக்கிறோம். வாயிலிருந்து போகும் ஈரம் செம்புத் தொடுமுனைகளில் படிந்து நாளடைவில் அரிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சொருகுங்கள். பெரும்பாலும் அது போதும்.

1989இல் வந்த முதல் கேம்பாயின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. படம் சரியாகத் தெரியவில்லை என்று மே மாத வெயிலில் மொட்டைமாடிக்குப் போய் உட்காராதீர்கள். நம் ஊர் வெயிலில் சூடேறினால் திரை கறுத்துப்போகும். பழைய வீடாக இருந்தால் முற்றத்தின் ஓரத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி உட்காருவதுதான் சரி. பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பியதும் நான்கு பேட்டரிக் கட்டைகளையும் கழற்றி வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து கம்பிச் சுருளைத் தின்றுவிடும். எனக்கு ஒரு கருவி அப்படித்தான் போனது.

பழைய கருவி கிடைக்காதவர்களுக்கு 2022இல் கொனாமி வெளியிட்ட ‘கவபங்கா கலெக்‌ஷன்’ இருக்கிறது. பதின்மூன்று பழைய ஆமை விளையாட்டுகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று கேம்பாய் விளையாட்டுகளும் அதில் உண்டு. அதில் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தால் கை பழகாது. கிராங்கிடம் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், எந்த இடத்தில் நின்றபோது அடி விழுந்தது என்று பார்ப்பதற்கு.