ஆங்கிலச் சொற்பட்டியலிலிருந்து போலிஷுக்கு: உறவுப் பெயர்களையும் அன்றாடச் சொற்களையும் மொழிபெயர்க்கும் முறை

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள நம் ராமநாதபுரக் கரையில் வெளிநாட்டு வேலை என்றால் வளைகுடாதான் என்றிருந்த நிலை மாறி, போலந்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் கிளம்புகிறவர்களையும் இப்போது பார்க்கிறோம். அவர்கள் கைக்கு முதலில் வருவது ஆங்கில–போலிஷ் சொற்பட்டியல்தான். ஃபாதர், மதர், அங்கிள், கசின் என்று ஒரு பக்கமும், எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒரு போலிஷ் சொல்லுமாக அது இருக்கும். அதை அப்படியே மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழும் போலிஷும் பிரித்துச் சொல்லும் பல உறவுகளை ஆங்கிலம் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலம் வழியாகப் போலிஷுக்குப் போகும்போது, நம்மிடம் இருந்ததும் அங்கே தேவைப்படுவதுமான செய்தி நடுவழியில் காணாமல் போகிறது.

ஆகவே ஏட்டில் நான்கு பத்திகள் இழுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து வீட்டில் வழங்கும் தமிழ்ச் சொல், மூன்றாவதில் அந்த உறவின் வழி, கடைசியில் போலிஷ். உறவின் வழி என்பது ‘அப்பாவின் தம்பி’, ‘அம்மாவின் அக்காள் மகள்’ என்று உறவை அவிழ்த்து எழுதுவது. இந்த மூன்றாம் பத்திதான் வேலை செய்யும் பத்தி. கீழக்கரையில் வாப்பா, உம்மா, காக்கா, சாச்சா என்றும், தங்கச்சிமடத்தில் வேறு விதமாகவும் அழைத்தாலும், வழியை எழுதிவிட்டால் எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்குத்தான். கடைசிப் பத்தியில் போலிஷ் சொல்லை அதன் சொந்த எழுத்துகளில், மேற்புள்ளியும் கீழ்வாலும் குறுக்குக்கோடும் விடாமல் எழுதுங்கள். குறி மாறினால் ஒலியும் சில இடங்களில் பொருளும் மாறும். இங்கே ஒலியை மட்டும் தமிழில் தருகிறேன்.

ஒலியைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். போலிஷில் வரும் ‘டி’ எழுத்தின் ஒலி ஆங்கிலத்தில் போல மேல்பல்லுக்குப் பின்னுள்ள ஈறில் பிறப்பதில்லை. நம் ‘த’ போல நாக்கு பல்லைத் தொட்டுப் பிறக்கிறது. அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில் விழும்.

இனி உறவுகள். அப்பாவின் அண்ணனோ தம்பியோ போலிஷில் ‘ஸ்த்ரிய்’. அம்மாவின் அண்ணனோ தம்பியோ ‘வுய்’. பெரியப்பாவையும் சித்தப்பாவையும் தாய்மாமனிடமிருந்து நாம் பிரிப்பது போலவே பழைய போலிஷ் வழக்கும் பிரிக்கிறது. ஆங்கிலத்தின் அங்கிள் இருவரையும் விழுங்கிவிடுகிறது. இன்றைய பேச்சில் பெரும்பாலோர் இருபக்கத்தாரையும் ‘வுயெக்’ என்றே அழைக்கிறார்கள். ‘ஸ்த்ரிய்’ பெரியவர்களிடமும் சில வட்டாரங்களிலும்தான் கேட்கும். எனவே அழைப்பதற்கு வுயெக் போதும். யார் என்று தெளிவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ப்ரத் ஓய்ட்ஸா’, அதாவது அப்பாவின் சகோதரர் என்று சொல்லிவிடுங்கள். எந்த ஊர்க்காரருக்கும் புரியும். அத்தை, பெரியம்மா, சின்னம்மா மூவருக்கும் ‘சோச்சா’ ஒன்றே.

மூத்தவர் இளையவர் என்ற பிரிவு போலிஷ் உறவுப் பெயருக்குள் கிடையாது. அண்ணனும் தம்பியும் ‘ப்ரத்’, அக்காவும் தங்கையும் ‘ஷோஸ்த்ரா’. வயதைச் சொல்ல வேண்டுமானால் அடைமொழி சேர்க்க வேண்டும்: அண்ணன் ‘ஸ்தார்ஷி ப்ரத்’, தங்கை ‘ம்வொத்ஷா ஷோஸ்த்ரா’. ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை; முதல் அறிமுகத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

அதிகம் தவறு நேரும் இடம் கசின். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். “என் சித்தப்பா மகள் பாம்பனில் ஆசிரியையாக இருக்கிறாள்.” இதை ஆங்கிலமாக்கினால் ‘மை கசின் இஸ் அ டீச்சர் இன் பாம்பன்’ என்று நிற்கும், பெண் என்ற செய்தி போய்விட்டது, அப்பா வழி என்ற செய்தியும் போய்விட்டது. அந்த ஆங்கில வாக்கியத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் கொடுத்தால், ஆண் என்று எடுத்துக்கொண்டு ‘மூய் குஜின் யெஸ்த் நவுச்சிச்செலெம்’ என்று தொடங்க வாய்ப்பு மிகுதி. போலிஷ் கேட்பதோ, ‘மோயா ஷோஸ்த்ரா ஸ்த்ரியெச்னா யெஸ்த் நவுச்சிச்செல்கோன் வ் பாம்பன்’. ‘மோயா’ என்பதில் பெண்பால் இருக்கிறது, ‘ஸ்த்ரியெச்னா’ என்பதில் அப்பாவின் சகோதரர் வழி இருக்கிறது, ஆசிரியை என்ற சொல்லிலும் பெண்பால் இருக்கிறது. மூன்றும் நம் தமிழ் வாக்கியத்தில் முன்பே இருந்தவை. சுருக்கமாகச் சொல்ல ‘குஜின்கா’ என்றாலும் சரியே. ஆண் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நெஃப்யூ என்ற ஆங்கிலச் சொல்லும் இப்படித்தான். சகோதரன் மகன் ‘ப்ரத்தானெக்’, சகோதரி மகன் ‘ஷோஸ்ட்ஷெனெட்ஸ்’. நம்மில் ஆண் சொன்னால் சகோதரி மகன் மருமகன், பெண் சொன்னால் சகோதரன் மகன் மருமகன். போலிஷில் சொல்பவர் ஆணா பெண்ணா என்பது கணக்கில் இல்லை, இடையில் நிற்பவர் சகோதரனா சகோதரியா என்பது மட்டும்தான்.

தமிழ் நம்மைக் கைவிடும் இடங்களும் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது. மாமா என்ற ஒரே சொல் தாய்மாமனுக்கும், அத்தையின் கணவருக்கும், மாமனாருக்கும் வழங்குகிறது. முறைமணம் நிலைத்த சமூகத்தில் மூவரும் ஒருவராகவே இருக்கவும் கூடும் என்பதால் நமக்கு அது குழப்பமாகத் தெரிவதில்லை. போலிஷில் மாமனார் ‘தெஷ்ச்’, மாமியார் ‘தெஷ்ச்சோவா’. இவை வுயெக், சோச்சா என்பவற்றோடு கலக்கவே கலக்காது. மருமகனும் அப்படியே: மகளின் கணவர் ‘ஜெஞ்ச்’. மகனின் மனைவி ‘ஸினோவா’. இந்த இடங்களில் ஆங்கிலப் பட்டியல் நமக்கு உதவியாகவே இருக்கிறது.

மச்சான், மைத்துனர், கொழுந்தன் ஆகிய மூவரும் ‘ஷ்வாகியெர்’ ஆகிவிடுவார்கள். பெண்களில் மட்டும் ஒரு வேறுபாடு பிழைத்திருக்கிறது: அண்ணியும் தம்பி மனைவியும் ‘ப்ரத்தோவா’, நாத்தனாரும் கொழுந்தியாளும் ‘ஷ்வாகியெர்கா’. ஆங்கிலத்தில் சொல்லே இல்லாத சம்பந்திக்குப் பழைய, கிராமப்புறப் போலிஷில் ‘ஸ்வாத்’ என்ற பெயர் உண்டு. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளுக்கு இன்னொன்றும் பயன்படும்: ஞானத்தாய் ‘மத்கா ஹ்ஷெஸ்னா’, ஞானத்தந்தை ‘ஓய்ச்செட்ஸ் ஹ்ஷெஸ்னி’. போலந்து பெரும்பான்மையாகக் கத்தோலிக்க நாடு என்பதால் இவை அங்கே தினமும் புழங்கும் வீட்டுச் சொற்கள்.

காதை ஏமாற்றும் இரண்டு சொற்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். போலிஷில் அப்பாவை அழைக்கும் ‘தத்தா’ நம் காதில் தாத்தா என்றே விழும். அம்மாவுக்கான ‘மமா’ மாமா என்று விழும். உண்மையில் தாத்தா ‘ஜாதெக்’, பாட்டி ‘பாப்ச்சா’.

பெயரை அறிந்த பிறகு வேற்றுமை. போலிஷில் ஏழு வேற்றுமைகள் உண்டு என்று கேட்டவுடன் ஆங்கில வழியில் படிப்பவர் மிரள்வார். எட்டு வேற்றுமை படித்த நமக்கு மிரள வேண்டிய தேவையில்லை. விளி வேற்றுமை அங்கேயும் இருக்கிறது. பாட்டியைப் பற்றிப் பேசும்போது பாப்ச்சா, கூப்பிடும்போது ‘பாப்ச்சு’. அம்மா மமா, கூப்பிடும்போது ‘மமோ’. ஆங்கிலப் பட்டியல் எழுவாய் வடிவத்தை மட்டும் தருவதால், ஒவ்வொரு உறவுக்கும் விளி வடிவத்தையும் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது. நமக்குப் புதிதாக இருக்கப்போவது எதிர்மறை: ‘மாம் ரிபெ’ என்றால் என்னிடம் மீன் இருக்கிறது, இல்லை என்று சொல்லும்போது ‘நியெ மாம் ரிபி’ என்று மீன் ஆறாம் வேற்றுமை வடிவத்துக்கு மாறிவிடும். எண்ணும் பெயரை மாற்றும். இரண்டு சகோதரிகள் ‘த்வியெ ஷோஸ்த்ரி’, ஐந்து சகோதரிகள் ‘பியெஞ்ச் ஷுஸ்த்ர்’. ஐந்திலிருந்து வடிவம் வேறு. இவ்வடிவங்களைச் சரிபார்க்க விக்சனரி என்ற இணைய அகராதியின் போலிஷ் பதிப்பில் பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை அட்டவணை கிடைக்கும்.

அன்றாடச் சொற்களிலும் தமிழை நடுவில் வைத்தே பாருங்கள். ஆங்கிலத்தில் ஹேண்ட் வேறு, ஆர்ம் வேறு, நமக்குக் கை. போலிஷில் ‘ரென்க்கா’ கை முழுவதுக்கும், ‘நோகா’ கால் முழுவதுக்கும் வழங்கும். ‘பாலெட்ஸ்’ என்பது கைவிரலுக்கும் கால்விரலுக்கும் பொது. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் காலின் விரல் என்றே அவர்களும் சொல்வார்கள். மருத்துவரிடம் வலியைச் சொல்லும்போது ஆங்கிலத்தை நினைக்காமல் தமிழை நினைத்தால் வேலை எளிது. சாப்பாட்டில் லஞ்ச், டின்னர் என்று போனால் குழப்பம் வரும். காலைச் சாப்பாடு ‘ஷ்ன்யதானியெ’, மதியச் சாப்பாடு ‘ஒப்யாத்’, இரவுச் சாப்பாடு ‘கொலாட்ஸ்யா’ என்று நேராக வைத்துக்கொள்ளலாம். அரிசியும் சோறும் நெல்லும் மட்டும் ‘ரிஷ்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும்.

நம் கரைக்கு நெருக்கமான இடம் போதல் என்ற வினை. ஆங்கிலத்தின் ‘கோ’வும் நம் ‘போ’வும் எதில் போகிறோம் என்று கேட்பதில்லை, போலிஷ் கேட்கும். நடந்து போகிறேன் ‘இதெ’. மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தின் மேல் பேருந்திலோ ரயிலிலோ போகிறேன் ‘யாதெ’. படகில் போகிறேன் ‘ப்வினெ’. இவை இப்போது நடக்கும் பயணத்துக்கு; வழக்கமாகப் போய்வருவதற்கு முறையே ‘ஹோட்ஸெ’, ‘யெஜ்ஜெ’, ‘ப்விவாம்’. படகிலும் நம்மைப் போலவே அவர்களுக்கு வகை உண்டு: நாட்டுப்படகுக்கு ‘வுத்கா’ பொருந்தும், மீன்பிடி விசைப்படகுக்கு ‘குத்தெர்’ பொருந்தும். சூடை மீனை ‘ஸர்தின்கா’ என்றும், கருவாட்டை ‘ஸுஷோனா ரிபா’, அதாவது உலர்த்திய மீன் என்றும் சொல்லலாம். நம் கடலில் மட்டும் கிடைக்கும் மீனுக்குப் பெயர் தேடி அலையாமல், தமிழ்ப் பெயரைச் சொல்லி ‘ரிபா’ சேர்த்துவிடுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு.

“அப்பா தொழிலுக்குப் போயிருக்கிறார்” என்றால் நம் கரையில் கடலில் வலை போடப் போயிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிப் போலிஷுக்குக் கொண்டுபோனால், அவர் ஏதோ அலுவலகத்துக்கு நடந்து போனதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘தத்தா விப்வினோவ் நா போவுஃப்’ என்று எழுதுங்கள். மீன்பிடிக்கக் கடலில் கிளம்பிவிட்டார் என்று பொருள். போனது பெண்ணென்றால் வினை ‘விப்வினெவா’ ஆகும். இறந்தகால வினையில் பால் காட்டுவது போலிஷின் கட்டாயம், போனான், போனாள் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது இயல்பாகவே வரும். தன்மையிலும் காட்ட வேண்டும் என்பது மட்டும் கூடுதல்: ‘இருந்தேன்’ என்பதை ஆண் ‘பிவெம்’ என்றும் பெண் ‘பிவாம்’ என்றும் சொல்ல வேண்டும்.

மரியாதை தவறினால் மனம் நோகும் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். ஆங்கிலத்தின் ‘யூ’ வழியாகப் போனால் நம் ‘நீங்கள்’ பல இடங்களில் ‘நீ’ ஆகிவிடும். அறிமுகமில்லாத ஆணை ‘பான்’, பெண்ணை ‘பானி’ என்று குறிப்பிட்டு, வினையைப் படர்க்கையில் வைக்க வேண்டும். கடைக்காரரை அண்ணே என்றும் பக்கத்து வீட்டுப் பெண்மணியை அக்கா என்றும் நாம் அழைப்பதை அங்கே உறவுச் சொல்லாக மொழிபெயர்க்கக் கூடாது. பெண்மணியை ‘ப்ரோஷெ பானி’ என்று அழைப்பதே முறை. குழந்தைகள் மட்டும் பெற்றோரின் நெருங்கிய நண்பர்களைச் சோச்சா, வுயெக் என்று அழைப்பதுண்டு.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்றவற்றுக்கு இந்த ஏடு உதவாது. போலந்து அலுவலகங்களில் அவற்றைக் கொடுக்க, அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் பட்டியலில் உள்ள உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். அத்தொழிலுக்கான சட்டம் 2004 நவம்பர் 25 தேதியிட்டது. அவர்கள் கட்டணம் கணக்கிடும் பக்கம் என்பது இடைவெளி உட்பட 1125 எழுத்துகள் கொண்டது, ஆகவே தாளின் எண்ணிக்கையை வைத்துச் செலவை மதிப்பிடாதீர்கள். படிவங்களில் ‘இமியெ’ என்ற கட்டம் சொந்தப் பெயருக்கு, ‘நஸ்விஸ்கோ’ குடும்பப் பெயருக்கு. நம் தலைப்பெழுத்தை எங்கே விரித்து எழுதுவது என்ற கேள்வி வரும்போது, கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே ஒரு எழுத்தும் மாறாமல் நிரப்புங்கள்.